காலில் வீக்கம்: குளிசையை நிறுத்துவதற்கு முன்

இந்தப் பாடம் யாருக்கு?

பிறசர், சீனி வருத்தம், இருதய நோய், ஆஸ்துமா, மூட்டு வலி, பழைய காயங்களின் வலி ஆகியவற்றுக்காக நீண்ட நாளாகக் குளிசை எடுப்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தவருக்கும். வீட்டில் கண் தெளிவாகத் தெரியும் ஒருவர் மற்றவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள்.

ஓர் உதாரணம்

கனகராயன்குளத்துக்குத் திரும்பி வந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

அந்த வீட்டில் அறுபது வயது கடந்த ஓர் அம்மா. மெனிக் பாம் முகாமில் இருந்தபோது அவருக்குப் பிறசர் இருப்பது தெரியவந்தது. குளிசை கொடுத்தார்கள். ஊருக்கு வந்து தகரக் கொட்டிலில் குடியிருந்து, வளவு துப்புரவாக்கி, கிணறு இறைத்து, நாள் முழுதும் நின்ற நிலையில் வேலை. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய குளிசையும் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் இரண்டு கணுக்காலும் வீங்கின. பின்னேரத்தில் செருப்பு நுழையவில்லை.

“இந்தக் குளிசைதான் உடம்பிலை நீர் கட்டுது, நிப்பாட்டிப் பாருங்கோ” என்றார் பக்கத்து வளவுக்காரர். அம்மா பிறசர் குளிசையை நிறுத்தினார். வலிக் குளிசையை நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, ரின் ஒன்றுக்குள் சேர்ந்து கிடந்த குளிசைகளை மகள் கண்டார்.

“அம்மா, ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீங்கள்?”

“கால் வீங்கிப்போய்க் கிடக்கு பிள்ளை. இது எனக்கு ஒத்துவரேல்லை.”

அம்மா சொன்னதில் பாதி சரி. குளிசையால் கால் வீங்கலாம். ஆனால் எந்தக் குளிசையால், அதற்கு என்ன செய்வது என்பதை அவரே தீர்மானித்ததால் ஆபத்து வந்தது. அன்று மகள் அவரைக் கூட்டிச் சென்று அளந்தபோது பிறசர் மிகவும் ஏறியிருந்தது. பாரிசவாதம் வருவதற்கு முன் கண்டுகொண்டார்கள்.

இந்தப் பாடம் சொல்ல வருவது இதுதான்: வீக்கத்தைப் பொறுத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம், நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். கொண்டுபோய்க் காட்டுங்கள்.

1. வீக்கம் என்றால் என்ன?

இரத்தக் குழாய்களுக்குள் ஓட வேண்டிய நீரில் ஒரு பகுதி வெளியே கசிந்து சதைக்குள் தங்குவதையே நீர் வீக்கம் என்கிறோம். நீர் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே நடமாடுபவர்களுக்குக் கால்களிலும், படுக்கையில் இருப்பவர்களுக்கு இடுப்பின் பின்பக்கத்திலும் முதலில் தெரியும்.

வீட்டில் பார்க்கும் மூன்று வழிகள்:

• விரல் சோதனை. கணுக்காலுக்கு மேலே, முன் எலும்பின் மீது பெருவிரலால் பத்து வரை எண்ணி மெதுவாக அழுத்துங்கள். விரலை எடுத்த பின்னும் குழி நின்றால் அது நீர் வீக்கம்.

• நூல் சோதனை. கணுக்காலைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து, சந்திக்கும் இடத்தில் முடிச்சுப் போட்டு எடுத்து வையுங்கள். காலையிலும் மாலையிலும் அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். நூலைக் காலில் கட்டி விட வேண்டாம்.

• நிறை. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சோறு தின்று வந்த நிறை அல்ல, உடம்பில் தங்கிய நீர். கிளினிக்கில் நிறுக்கும் நிறையை எழுதி வையுங்கள். ஊரில் நெல் நிறுக்கும் தராசில் ஏறி நிற்பதும் போதும். எப்போதும் ஒரே தராசில் நில்லுங்கள்.

2. எந்த மருந்துகளால் வீக்கம் வரலாம்?

உங்கள் குளிசையின் பெயர் தெரியாவிட்டால், மருந்து தரும் உறையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பிறசர் குளிசைகளில் நிபெடிபைன், அம்லோடிபைன். இவை சிறிய இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. விரிந்த குழாயிலிருந்து கொஞ்ச நீர் கணுக்காலில் கசியும். இரு காலிலும் ஒரேமாதிரி இருக்கும், பின்னேரம் கூடும், இரவு படுத்தெழும்பக் குறையும். வெயில் காலத்திலும் நீண்ட நேரம் நிற்பவர்களுக்கும் அதிகம். இதில் உடம்பு முழுவதும் நீர் சேர்வதில்லை. எனவே சலம் கூடப் போகச் செய்யும் குளிசையால் இந்த வீக்கம் பெரிதாகக் குறையாது. வைத்தியர் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு பிறசர் குளிசை தரலாம்.

வலிக் குளிசைகளில் டைக்குளோபினக், இபுபுரொபன் போன்றவை. வன்னியில் இதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். காயப்பட்ட கால், உடம்பில் இன்னும் இருக்கும் செல் துண்டு, முறிந்து பொருந்திய எலும்பு, பாரம் தூக்கி வந்த முதுகு வலி என்று பலர் இவற்றைக் கடையில் வாங்கி மாதக்கணக்காகப் போடுகிறார்கள். இவை சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதைக் குறைக்கின்றன. உடம்பில் நீர் தங்குகிறது, பிறசர் ஏறுகிறது, பிறசர் குளிசையின் வேலை கெடுகிறது. பிறசருக்கு எனலாபிரில், கப்டொபிரில், லொசாட்டன் போன்றவற்றையும் சலம் போகச் செய்யும் குளிசையையும் எடுப்பவர் அவற்றோடு வலிக் குளிசையும் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையலாம். பெரும்பாலானவர்களுக்கு, சொன்ன அளவுக்குள் எடுத்தால் பரசிற்றமோல் இவற்றைவிடப் பாதுகாப்பானது. கடையில் வாங்கும் வலிக் குளிசையைப் பற்றி வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அவர் ஏசுவார் என்று பயந்து மறைத்தால், உண்மைக் காரணம் தெரியாமல் வேறு மருந்தை மாற்றுவார்.

பிரெட்னிசொலோன். கடும் ஆஸ்துமா, மூட்டு நோய், சில சிறுநீரக நோய்களுக்குத் தருவது. முகம் உருண்டு வீங்கும், உடம்பு நீர் பிடிக்கும், பசி கூடும். சில கிழமைகளுக்கு மேல் எடுத்தவர் இதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். பெயரில்லாத பொட்டலத்தில் “எல்லா வலிக்கும் நல்லது” என்று விற்கும் குளிசைகளிலும் தூள்களிலும் இந்த வகை மருந்து கலந்திருக்கக்கூடும். வாங்க வேண்டாம்.

சீனி வருத்தத்துக்குப் பயோகிளிற்றசோன். இதுவும் நீரைத் தங்கச் செய்யும். இருதயம் பலவீனமானவர்களுக்கு ஏற்றதல்ல. மூச்சு வாங்கினால் உடனே காட்டுங்கள்.

நரம்பு வலிக்குக் கபபென்ரின், பிறிகபலின். கால் இழந்தவர்களுக்கும் நரம்பில் காயம் பட்டவர்களுக்கும் தருவார்கள். சிலருக்குக் கால் வீங்கும். இவற்றையும் திடீரென நிறுத்தக்கூடாது.

3. எல்லா வீக்கமும் குளிசையால் வருவதில்லை

இருதயம் பலவீனமானால் கால் வீங்கும், படுக்கும்போது மூச்சு முட்டும். சிறுநீரகம் பழுதானால் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கும், சலம் நுரைக்கும். ஈரல் பழுதானால் வயிறு பெருக்கும், கண் மஞ்சளாகும். இரத்தக் குறைவு, உணவில் புரதக் குறைவு, தைரொயிட் குறைபாடு ஆகியவற்றாலும் வீக்கம் வரும்.

நமது மாவட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களிடையே கண்டறியப்பட்ட, காரணம் உறுதியாகத் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுகிறது. தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இராது. கால் வீங்கும்போது நோய் முற்றியிருக்கலாம். “குளிசையாலதான்” என்று நீங்களே முடிவெடுத்தால் இது தெரியாமலே போய்விடும். வயலில் வேலை செய்பவர்கள் கிளினிக்கில் ஒருமுறை சலத்தையும் இரத்தத்தையும் சோதிக்கும்படி கேளுங்கள்.

4. கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாத வீக்கம்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், இரவானாலும், வைத்தியசாலைக்குப் போங்கள்:

• வீக்கத்துடன் மூச்சு வாங்குதல், படுக்க முடியாமல் எழும்பி இருத்தல், நெஞ்சு நோ.

• உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல். எனலாபிரில், கப்டொபிரில் எடுப்பவர்களுக்கு இது வரலாம், பல மாதம் எடுத்த பின்னும் வரலாம். இந்த ஒரு நிலையில் மட்டும் அடுத்த குளிசையைப் போடாமல், குளிசையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே போங்கள்.

• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோதல். இரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம். அந்தக் காலை உருவி விட வேண்டாம், எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

• கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் வருதல். இது கிருமித் தொற்று.

• வயலிலோ பற்றை வெட்டும்போதோ, இருட்டில் நடந்த பின்போ கால் வீங்கிக் கடுக்குதல். கடித்ததைக் காணாவிட்டாலும் புடையன் பாம்பு தீண்டியதாக எண்ணி உடனே கொண்டுபோங்கள். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம்.

• கர்ப்பிணித் தாய்க்கு முகமும் கையும் வீங்கி, தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான பிறசராக இருக்கலாம்.

• சலம் மிகவும் குறைந்துபோதல் அல்லது போகாதிருத்தல்.

இரவில் யாருடைய ஓட்டோவைக் கேட்பது, யாருடைய தொலைபேசியில் பேசுவது என்பதை இன்றே அயலவருடன் பேசி முடிவு செய்யுங்கள். ஏ-9 வீதிக்கு உள்ளே தள்ளியிருக்கும் வீடுகளுக்கு இது மிகவும் முக்கியம். நோயாளிக்கு மூச்சு முட்டினால் படுக்க வைக்காமல், சாய்ந்திருக்க வைத்துக் கொண்டுசெல்லுங்கள்.

5. வீட்டில் செய்யக்கூடியவை

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இல்லாதபோது இவை உதவும்.

காலை உயர்த்துங்கள். பாயில் படுத்து, நெல்லுச் சாக்கை மடித்தோ தலையணையை அடுக்கியோ, நெஞ்சைவிடக் கால் உயரமாக இருக்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். கதிரையில் இருந்து காலைச் சிறிய வாங்கில் வைப்பது இதற்குப் போதாது. மூச்சு வாங்குபவர்கள் இப்படிப் படுக்க வேண்டாம்.

நிற்பதைப் பிரியுங்கள். நிவாரண வரிசையிலும் பஸ்ஸிலும் நீண்ட நேரம் இருக்கும்போது குதியை உயர்த்தித் தாழ்த்துங்கள். கெண்டைச் சதை அசைந்தால்தான் இரத்தம் மேலே ஏறும்.

உப்பைக் குறையுங்கள். உடம்பில் உப்பு இருக்கும் இடத்தில் நீர் தங்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. அது தேக்கரண்டி ஒன்றின் அளவுதான், கறி, சம்பல், கருவாடு எல்லாம் சேர்த்து. மீள்குடியேறிய வீடுகளில் கருவாடும் ரின் மீனும் அடிக்கடி சமைக்கப்படுவதை அறிவோம். முதல் மாரி பெய்து தோட்டம் காய்க்கும் வரை வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். கருவாட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். கருவாட்டுக் கறிக்கு வேறு உப்புப் போட வேண்டாம். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி ஆகியவற்றைக் குறையுங்கள். தேசிப்புளி, பழப்புளி, உள்ளி, மிளகு, கறிவேப்பிலை என்பன உப்புக் குறைந்த கறியின் ருசியைத் தூக்கித் தரும். நோயாளிக்குத் தனிச் சட்டி வைக்க வேண்டாம். வீடு முழுவதும் குறைத்தால் எல்லோருக்கும் நன்மை.

தண்ணீரை நீங்களாகக் குறைக்க வேண்டாம். “நீர் கட்டுது, தண்ணி குடிக்காதை” என்று சொல்வது வழக்கம். வன்னி வெயிலில் வேலை செய்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். இருதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் வைத்தியர் ஓர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவைப் போத்தலில் அளந்து வைத்துக் குடியுங்கள். சொல்லாவிட்டால் தாகத்துக்குக் குடியுங்கள்.

இளநீர் எல்லோருக்கும் நல்லதல்ல. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பலவீனமானவர்களும், எனலாபிரில், லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் அடிக்கடி குடிக்க வேண்டாம். உப்புக்குப் பதிலாக விற்கும் சில உப்புகளும் பொட்டாசியமே.

நெருஞ்சிமுள், பார்லி அவித்த தண்ணீர். எங்கள் அம்மம்மாமார் கொடுத்துவந்தவை. குடிப்பதானால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கிளினிக் குளிசைக்குப் பதிலாக எடுக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எந்தக் கசாயத்தையும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

தோலைப் பாருங்கள். வீங்கிய தோல் இழுபட்டு வெடிக்கும். தினமும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கும், முள் ஏறினாலும் தெரியாது. இரவில் வேறொருவர் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

செயற்கைக் கால் அணிபவர்கள். மீதிக் கால் வீங்கினால் செயற்கைக் காலுக்குள் வற்புறுத்தி நுழைக்க வேண்டாம், புண்ணாகிவிடும். கழற்றி, உயர்த்தி வைத்து, பழக்கிய முறைப்படி பண்டேஜ் சுற்றுங்கள். தொடர்ந்து வீங்கினால் கால் செய்து தந்த நிலையத்துக்குப் போய் அளவைச் சரிபாருங்கள்.

6. சலம் போகச் செய்யும் குளிசையும் மலசலகூடமும்

இருதய, சிறுநீரக, ஈரல் வீக்கத்துக்குப் புரூசமைட் போன்ற குளிசை தருவார்கள். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சலம் போகத் தொடங்கி, சில மணி நேரம் அடிக்கடி போகும். இதனால் பலர், குறிப்பாகப் பெண்கள், இதைப் போடாமல் விடுகிறார்கள். அதை வெளியே சொல்வதும் இல்லை. வளவில் மலசலகூடம் இன்னும் கட்டி முடியவில்லை, பகலில் பற்றைப் பக்கம் போக முடியாது, கிளினிக்குக்கு பஸ்ஸில் போகும் வழியில் இறங்க இடமில்லை. இவை வெட்கப்பட வேண்டிய காரணங்கள் அல்ல. வைத்தியரிடம் சொல்ல வேண்டிய காரணங்கள்.

வழமையாக இதைக் காலையில் போடுவார்கள், இரவு நித்திரை கெடாமல் இருக்க. பயண நாளில் வீட்டுக்கு வந்த பின் மத்தியானம் போடலாமா என்று கேளுங்கள். பலருக்கு அப்படி மாற்ற முடியும். அன்று முழுவதும் விடுவதை விட அது மேல். வயிற்றோட்டமோ சத்தியோ வந்து உடம்பு வற்றியிருக்கும் நாளில் இந்தக் குளிசையை எடுப்பதா என்று அன்றே வைத்தியசாலையில் கேளுங்கள். தலைச்சுற்று, கெண்டைச் சதை பிடிப்பு, மிகுந்த களைப்பு இருந்தாலும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரின் சலக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதை மலசலகூடத் திட்டப் பயனாளிகளைப் பதியும்போது கிராம அலுவலரிடமும் எமது களப் பணியாளரிடமும் தெரிவியுங்கள்.

7. கிளினிக்குக்கு எதைக் கொண்டு போவது?

இடம்பெயர்வில் பலருடைய கிளினிக் கொப்பியும் பழைய பதிவுகளும் தொலைந்துவிட்டன. கொப்பி இல்லை என்பதற்காக வீட்டில் இருந்துவிட வேண்டாம். அரச வைத்தியசாலையில் புதிய கொப்பி திறக்கலாம், சிகிச்சை இலவசம். முகாமில் இருந்தபோது வவுனியா வைத்தியசாலையில் மருந்து எடுத்தவர்கள் அங்கே தந்த அட்டை, துண்டு எதுவாக இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். மாங்குளம் பக்கம் கிளினிக்கை மாற்ற விரும்பினால் பழைய கிளினிக்கிலேயே மாற்றக் கடிதம் கேளுங்கள்.

ஒரு சீலைப் பையில் இவற்றைப் போடுங்கள்:

• வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளும் உறைகளுடன். கடையில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட.

• எப்போது வீக்கம் தொடங்கியது, எந்தக் குளிசை புதிதாகத் தொடங்கிய பின், காலையிலா மாலையிலா கூடுகிறது என எழுதிய துண்டு.

• நூல் முடிச்சும் நிறைக் குறிப்பும்.

• போடாமல் விட்ட குளிசைகளின் எண்ணிக்கை. மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் எடுப்பதாக நினைத்து வைத்தியர் அளவைக் கூட்டினால் அது ஆபத்து.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தாதியரையோ தமிழ் தெரிந்த பணியாளரையோ கூப்பிடச் சொல்லுங்கள். அவசரத்துக்குச் சிங்களத்தில் “கக்குல் இதிமிலா” என்றால் கால் வீங்கியிருக்கிறது, “ஹுஸ்ம கன்ன அமாருய்” என்றால் மூச்செடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. விரலால் அழுத்தி, நிற்கும் குழியைக் காட்டினால் எந்த மொழி பேசும் வைத்தியருக்கும் விளங்கும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்: இந்த வீக்கம் எந்தக் குளிசையால்? இதை மாற்றவோ குறைக்கவோ முடியுமா? எந்த நிலை வந்தால் நான் உடனே வர வேண்டும்?

8. குடும்பமாகப் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் யார் யார் தினமும் குளிசை எடுக்கிறார்கள்? பெயர் தெரியுமா?

2. கடையில் வாங்கும் வலிக் குளிசை யாராவது போடுகிறோமா? எத்தனை நாளாக?

3. இன்று இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டினால் யாரைக் கூப்பிடுவோம்?

4. நேற்றைய கறியில் உப்பு எத்தனை இடத்தில் சேர்ந்தது?

நாம் தொடங்கிய வீட்டுக்கு வருவோம். மகள் அந்த ரின்னையே அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வைத்தியர் வலிக் குளிசையை நிறுத்தி, முழங்காலுக்குப் பரசிற்றமோலும் பயிற்சியும் சொல்லி, பிறசருக்கு வேறு குளிசை எழுதினார். இரண்டு கிழமையில் வீக்கம் வற்றியது, செருப்பு நுழைந்தது. ரின் இப்போதும் அந்த வீட்டில் இருக்கிறது. காலைக்கு ஒரு பக்கம், இரவுக்கு ஒரு பக்கம் என்று மகள் மட்டையால் பிரித்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு இரவும் பேரப்பிள்ளை அதைத் திறந்து பார்த்து, “அம்மம்மா, இண்டைக்குப் போட்டாச்சோ?” என்று கேட்பான். உங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்க ஒருவரை இன்றே பொறுப்பாக்குங்கள்.